அம்மாவின் பயம் என் பிள்ளைக்கும் போகுமா?

நீங்கள் கேட்டிருப்பது பார்வைக்கு ஒரு விஞ்ஞானக் கேள்வி. 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரம் நடந்தபோது, உங்கள் அம்மாவுக்குப் பதினான்கு வயது. வெள்ளவத்தையில் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் பின்னறையில், ஓர் அலுமாரிக்குப் பின்னால் இரண்டு இரவு ஒளிந்திருந்தார். பிறகு இரத்மலானை முகாம், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறை. நீங்கள் பிறந்தது அதற்குப் பதினொரு வருடம் கழித்து. இருந்தும் யாராவது கேற்றைப் பலமாகத் தட்டினால் உங்களுக்கு நெஞ்சு அடைக்கிறது. இப்போது ஐந்து மாதக் கர்ப்பம். மனவடு மரபணுவில் பதிந்து தலைமுறை தலைமுறையாக இறங்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறீர்கள். உமிழ்நீரை அனுப்பினால் சோதித்துச் சொல்கிறோம் என்று ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் விளம்பரமும் கண்ணில் பட்டிருக்கிறது. சோதிக்கலாமா என்கிறீர்கள். இரண்டாம் தடவை வாசித்தபோது எனக்குக் கேட்டது வேறு கேள்வி: என் பிள்ளையை நான் இப்போதே பழுதாக்கிக்கொண்டிருக்கிறேனா? அதற்குப் பதில், இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம் தேவைப்படுகிறது.

நான் மனநல மருத்துவன். இருபத்திரண்டு வருடமாகக் கொழும்பில் தமிழிலும் சிங்களத்திலும் கிளினிக் பார்க்கிறேன். ஆய்வுகூடத்தில் வேலை செய்பவன் அல்ல. பயிற்சிக் காலத்தில் ஒரு வருடம் வெளிநாட்டில் எபிஜெனெடிக்ஸ் துறையினரோடு இருந்தேன், அதாவது மரபணுவின் எழுத்து மாறாமல் அது வாசிக்கப்படும் விதம் மாறுவதை ஆராய்பவர்களோடு. அன்று பிடித்த வாசிப்புப் பழக்கம் இன்னும் விடவில்லை, அவ்வளவுதான். ஆகவே எலிகளைப் பற்றி எழுதுவது படித்தது, மனிதரைப் பற்றி எழுதுவதில் பாதி படித்தது, பாதி கண்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எபிஜெனெடிக்ஸ் என்ற சொல்லை 1942இல் கொண்டுவந்தவர் கொன்ராட் வாடிங்டன் என்ற பிரித்தானிய உயிரியலாளர். தமிழ் வாசிக்கத் தெரிந்தவருக்கு இதை விளக்க நம்முடைய எழுத்தே போதும். 'க' மேல் ஒரு புள்ளி வைத்தால் 'க்' ஆகிறது. எழுத்தின் உருவம் மாறவில்லை, உள்ளேயிருந்த அகரம் அடங்கிவிட்டது. டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் மேல் மெதைல் என்ற சிறு இரசாயனத் துணுக்கு ஒட்டும்போது நடப்பதும் ஏறக்குறைய இதுதான். பள்ளிக்கூடத்தில் பரம்பரையலகு என்று படித்தோமே, அந்த மரபணு அப்படியே இருக்கும், ஆனால் வாசிக்கப்படாது. ஈரல் கலத்திலும் மூளையின் நரம்புக்கலத்திலும் இருப்பது ஒரே பிரதி. புள்ளிகள் இருக்கும் இடம்தான் வேறு. இன்னொரு வழியும் உண்டு. ஒரு கலத்துக்குள் இருக்கும் டி.என்.ஏ.யை இழுத்து நீட்டினால் இரண்டு மீற்றர் அளவு வரும். அது ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் நூல் மாதிரிச் சுற்றியிருக்கிறது. இறுகச் சுற்றிய இடத்தை வாசிக்க முடியாது, தளர்ந்த இடத்தை வாசிக்கலாம். புள்ளி உவமையை ரொம்ப இழுக்கவும் கூடாது. சில இடங்களில் மெதைல் இருந்தும் மரபணு தாராளமாக வேலை செய்யும்.

சரி, இதற்கும் மூளைக்கும் என்ன? இங்கே சந்தேகமில்லாத விஷயம் ஒன்று உண்டு. ரெட் நோய்க்குறி என்று ஓர் அரிய நோய், பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கு வருவது. ஒரு வயது வரை நன்றாக வளர்ந்த பிள்ளை, கற்ற சொற்களையும் கைப்பழக்கத்தையும் ஒவ்வொன்றாக இழக்கும். இரண்டு பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் நாள் முழுக்கக் கை கழுவுவது போலக் கைகளைப் பிசைந்துகொண்டே இருந்தார்கள். 1999இல் ஹூடா சோக்பியின் குழு இதற்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தது. அதிலிருந்து உண்டாகும் புரதத்தின் முக்கியமான வேலை மெதைல் புள்ளிகளைக் கண்டு அவற்றில் போய் ஒட்டுவது. அதாவது புள்ளிகள் சரியாகத்தான் இருக்கின்றன, புள்ளியை வாசிப்பவர்தான் இல்லை. 2007இல் எடின்பரோவில் ஏட்ரியன் பேர்டின் குழு, இதே குறை உள்ள எலிகளில் அந்த மரபணுவை வளர்ந்த பிறகு மீண்டும் இயங்கச் செய்தபோது அறிகுறிகள் பெருமளவு மறைந்தன. மூளை இந்தப் புள்ளிகள் இல்லாமல் இயங்காது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. நாம் எதையாவது கற்று நினைவில் வைக்கும்போதும் நரம்புக்கலங்களில் புள்ளிகள் இடம் மாறுகின்றன என்பது எலிகளில் 2007 அளவிலேயே காட்டப்பட்டது. இந்தக் கடைசி விஷயத்தை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

வீடியோக்களில் வரும் கதை பெரும்பாலும் மொன்ட்ரியலில் தொடங்கும். மக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி, மோஷே ஸிஃப் ஆகியோரின் குழு 2004இல் வெளியிட்ட எலி ஆய்வு அது. சில தாய் எலிகள் குட்டிகளை அடிக்கடி நக்கி நீவும். சில அவ்வளவாகச் செய்யாது. அதிகம் நக்கப்பட்ட குட்டி வளர்ந்த பிறகு பதற்றம் குறைவாக இருக்கும். காரணத்தைத் தேடியபோது, நெருக்கீட்டு ஓமோன் 'போதும், நிறுத்து' என்று மூளைக்குச் சொல்ல உதவும் 'வாங்கி' (அந்த ஓமோன் வந்து ஒட்டும் புரதம்) ஒன்றின் மரபணுவில் வித்தியாசம் தெரிந்தது. பிறந்த முதல் நாள் இரு வகைக் குட்டிகளிலும் அங்கே மெதைல் இருக்கிறது. ஆறாம் நாளாகும்போது நன்றாக நக்கப்பட்ட குட்டியில் அது நீங்கிவிடுகிறது, மற்றதில் தங்கிவிடுகிறது. குட்டிகளைத் தாய் மாற்றி வைத்தால் பெற்றவளின்படி அல்ல, வளர்த்தவளின்படியே புள்ளி அமைகிறது. வளர்ந்த எலியின் மூளைக்குள் ஒரு மருந்தைச் செலுத்தி அந்தப் புள்ளியை நீக்கவும் முடிந்தது. அழகான ஆய்வு. ஆனால் கவனியுங்கள், இதில் முட்டை வழியாகவோ விந்து வழியாகவோ எதுவும் இறங்கவில்லை. தலைமுறைக்குத் தலைமுறை போனது தாயின் பழக்கம்.

இந்த ஆய்வை வைத்து நான் செய்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். பயிற்சி முடித்து வந்த புதிதில் நான் வேலை செய்த ஓர் ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு ஒரு தாய் தன் மகனைக் கூட்டிவந்தார். பத்தொன்பது வயதுப் பையன், உயர்தரப் பரீட்சைக்குப் பிறகு தொடங்கிய பதகளிப்பு. படித்த உற்சாகத்தில் எலிக் கதையை அந்தத் தாய்க்குச் சொல்லிவிட்டேன். அடுத்த கிளினிக்குக்கு அவர் ஒரு சீ.ஆர். கொப்பியோடு வந்தார். பையன் சின்னவனாக இருந்தபோது அவர் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த நான்கு வருடத்தையும் மாதம் மாதமாக எழுதி வைத்திருந்தார். எந்த மாதம் அம்மம்மா வீட்டில் இருந்தான், எந்த மாதம் காய்ச்சல், எந்த மாதம் ரெலிபோனில் அழுதான் என்று. 'டொக்டர், இதில எந்த மாதம் பிழைச்சது?' என்று கேட்டார். கொப்பியை வாங்கி வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. பையன் உளவளத்துணையோடு நான்கு மாதத்தில் தேறிவிட்டான். தாய்க்குள் நான் போட்ட குற்ற உணர்வு கரைய அதைவிட நாள் எடுத்தது. எலித் தாய்மார் பற்றி அதன் பிறகு கிளினிக்கில் வாய் திறப்பதில்லை.

இனி மனிதருக்கு வருவோம். அதே மக்கில் குழு 2009இல் தற்கொலையால் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தது. சிறுவயதில் துன்புறுத்தலுக்கு ஆளானவர்களின் மூளையில், எலியில் கண்ட அதே மரபணுவில் மெதைல் கூடுதலாக இருந்தது. ஒரு பிரிவுக்குப் பன்னிரண்டு பேர்தான். ஆனாலும் திசை எலிகளோடு ஒத்துப்போனதால் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இந்தத் துறையின் பெரிய இடைஞ்சலும் இங்கேதான் வருகிறது. உயிரோடு இருக்கும் ஒருவரின் மூளையை வெட்டிப் பார்க்க முடியாது. ஆகவே இரத்தத்திலும் உமிழ்நீரிலும் பார்க்கிறார்கள். ஆனால் புள்ளிகள் கலத்துக்குக் கலம் வேறுபடுகின்றன என்பதுதானே இதன் அடிப்படையே! உமிழ்நீரில் இருப்பது கன்னத்தின் உட்தோலிலிருந்து உதிர்ந்த கலங்களும் வெண்குருதிக் கலங்களும். அன்றைக்குத் தடிமன் பிடித்திருந்தால் அந்தக் கலவையின் விகிதமே மாறிவிடும். மூளையில் என்ன நடக்கிறது என்று அதை வைத்துச் சொல்வது, பம்பலப்பிட்டிச் சந்தியில் நின்று பார்த்துவிட்டு பதுளையில் மழையா வெயிலா என்று சொல்வது போல. சில நாள் சரியாகவும் இருக்கும்.

மனிதரில் உறுதியாகத் தெரிந்தது எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. சிகரெட் புகை. புகைப்பவரின் இரத்தத்தில் குறிப்பிட்ட சில இடங்களில் மெதைல் மாறுவது எந்த நாட்டில் சோதித்தாலும் அப்படியே வருகிறது. கர்ப்பத்தில் தாய் புகைத்தால் பிறந்த பிள்ளையின் தொப்புள்கொடி இரத்தத்திலும் அது தெரிகிறது. நம் பெண்கள் பெரும்பாலும் புகைப்பதில்லை. ஆனால் வீட்டுக்காரர் பல்கனியில் நின்று பிடிப்பவராக இருந்தால் இந்தப் பந்தியை அவருக்குக் காட்டுங்கள். அடுத்தவரின் புகையும் பிள்ளையின் பிறப்பு நிறையைக் குறைக்கும். அடுத்தது பட்டினி. 1944 முடிவிலும் 1945 தொடக்கத்திலும் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் ஜெர்மனியர் உணவு வழியை அடைத்ததால் பெரும் பஞ்சம். அந்தக் காலத்தில் கருத்தரித்துப் பிறந்தவர்களை அறுபது வருடம் கழித்துச் சோதித்தபோது, வளர்ச்சியோடு தொடர்புள்ள ஒரு மரபணுவில் மெதைல் அவர்களின் உடன்பிறப்புகளைவிடச் சிறிது குறைவாக இருந்தது. இந்த ஆய்வு வந்தது 2008இல். பஞ்சத்தின் உச்சத்தில் கருவானவர்களில் ஸ்கிசோஃப்ரீனியா என்ற கடும் மனநோய் இரண்டு மடங்கு அளவு அதிகம் என்று அதற்கு முன்பே கண்டிருந்தார்கள். இரண்டும் உண்மை. ஆனால் ஒன்றுதான் மற்றதுக்குக் காரணம் என்று யாரும் நிறுவவில்லை. வீடியோக்காரர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள்.

இப்போது உங்கள் குடும்பத்துக்கே வருகிறேன், ஏனென்றால் கணக்கு இங்கே கொஞ்சம் விசித்திரமானது. ஒரு பெண்ணின் முட்டைகளெல்லாம் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உண்டாகிவிடுகின்றன. ஆகவே பிற்பாடு நீங்களாக ஆன முட்டை, 1983இல் பதினான்கு வயதுச் சிறுமியின் உடலுக்குள், அந்த அலுமாரிக்குப் பின்னால் இருந்தது. இதைக் கேட்டால் மயிர்க்கூச்செறியும், எனக்கும்தான். ஆனால் உங்கள் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் முட்டை அப்போது இல்லவே இல்லை. அது நீங்கள் உங்கள் அம்மாவின் வயிற்றில் இருந்தபோது, தொண்ணூறுகளில் உண்டானது. அந்த வேளையில் முட்டையாகப் போகும் கலங்களில் இருக்கும் மெதைல் புள்ளிகள் அநேகமாக முழுவதும் துடைக்கப்படும். பிறகு கருத்தரித்ததும் இன்னொரு பெரிய துடைப்பு நடக்கும். பழைய ஏட்டுச் சுவடிகளில் ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளி இடாமலே எழுதினார்கள் அல்லவா, வாசிப்பவர் தானே இட்டு வாசிக்க வேண்டும். கரு தொடங்குவதும் ஏறக்குறைய அப்படியொரு ஏட்டோடுதான். துடைப்பில் தப்பும் சில இடங்கள் உண்டு. தாயிடமிருந்து வந்ததா தகப்பனிடமிருந்து வந்ததா என்று முத்திரை குத்தப்பட்ட மரபணுக்கள் இரண்டாவது துடைப்பில் தப்புகின்றன. ஆனால் ஒரு பயம் இந்த இரண்டையும் தாண்டி உங்கள் பிள்ளைக்குப் போவதற்கு மனிதரில் நம்பத்தக்க சான்று எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

சான்று என்று காட்டப்படுபவற்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 2014இல் அமெரிக்காவில் பிரையன் டயஸ், கெரி ரெஸ்லர் இருவரும் ஆண் எலிகளுக்கு ஒரு வாசனையோடு மின்னதிர்ச்சி கொடுத்துப் பழக்கினார்கள். அதே வாசனைக்கு அவற்றின் குட்டிகளும் பேரக்குட்டிகளும் கூடுதலாகத் திடுக்கிட்டன என்று எழுதினார்கள். வியப்பான முடிவு; விந்து வழியாக அது எப்படிப் போயிருக்க முடியும் என்ற கேள்விக்கு இன்னும் திருப்தியான பதில் இல்லை, புள்ளிவிவரத்தையும் சிலர் கேள்வி கேட்டார்கள். மனிதரில் அதிகம் பேசப்படுவது ரேச்சல் யெஹூடாவின் ஆய்வு. நாஜிகளின் யூத இனப்படுகொலையில் தப்பியவர்கள் 32 பேர், அவர்களின் பிள்ளைகள் 22 பேர். நெருக்கீட்டோடு தொடர்புள்ள ஒரே மரபணுவில் இரு தலைமுறையிலும் வித்தியாசம் இருந்தது. ஆனால் பெற்றோரில் மெதைல் கூடியிருந்தது, பிள்ளைகளில் குறைந்திருந்தது. வித்தியாசமும் மிகச் சிறியது. 2025இல் சிரியாவைச் சேர்ந்த 48 குடும்பங்களின் மூன்று தலைமுறையில் கன்னத்தின் உட்பக்கத்தை ஒற்றியெடுத்துச் சோதித்த ஆய்வு வந்தது. 1982இல் ஹமா நகரப் படுகொலைக் காலத்தில் கர்ப்பமாக இருந்த பாட்டிமாரின் பேரப்பிள்ளைகளில் 14 இடங்களில் மாற்றம் கண்டார்கள். அந்தப் பேரப்பிள்ளைகள் அப்போது பாட்டியின் வயிற்றிலிருந்த சிசுவுக்குள் முட்டைக்கலமாக இருந்தவர்கள். அதாவது நேரடியாக அந்தக் காலத்தைக் கடந்தவர்கள். கணக்கில் உங்களைப் போன்றவர்கள், உங்கள் பிள்ளையைப் போன்றவர்கள் அல்ல. அந்த 14 இடங்களும் யாரையும் நோயாளியாக்குகின்றன என்றும் அந்த ஆய்வு காட்டவில்லை. கவனமாகச் செய்த, நமக்கு மிக நெருக்கமான ஆய்வு. நம் நாட்டிலும் யாராவது இப்படிச் செய்ய வேண்டும் என்று ஆசை. அதற்குமேல் அதில் எதையும் வாசிக்க மாட்டேன்.

அப்படியென்றால் கேற்றைத் தட்டினால் உங்களுக்கு ஏன் நெஞ்சு அடைக்கிறது? பதில் உங்கள் கேள்வியிலேயே, போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் இருக்கிறது. சின்ன வயதில் 155ஆம் இலக்க பஸ்ஸில் நீங்கள் தமிழில் உரத்துக் கதைத்தால் அம்மா தொடையில் கிள்ளுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். கதவுக்குப் பக்கத்தில் அடையாள அட்டையும் நகையும் வைத்த பை எப்போதும் தொங்கும் என்றும், கேற் சத்தம் கேட்டால் அம்மா ரேடியோவை நிறுத்திவிட்டு அசையாமல் நிற்பார் என்றும். அந்தக் கிள்ளல் எத்தனை தடவை நடந்திருக்கும்? நூறா, முந்நூறா? பயத்தை இவ்வளவு சீராக, இவ்வளவு அக்கறையோடு ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அன்றைய கொழும்பில் அது நியாயமான பாடமும்கூட. இதற்கு மேல் ஒரு முட்டைக்குள் எதையும் தேட வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. இதோடு சாதாரண மரபும் சேரும். புள்ளியல்ல, எழுத்தே. பதற்ற சுபாவம் சில குடும்பங்களில் கொஞ்சம் அதிகம்தான், கலவரம் பார்க்காத குடும்பங்களிலும். பின்னால் தேவைப்படும் என்றேனே, அது இங்கேதான்: அந்தக் கிள்ளல்களைக் கற்றபோது உங்கள் மூளையிலும் புள்ளிகள் மாறியிருக்கத்தான் வேண்டும், எதைக் கற்றாலும் மாறுவது போல. ஆகவே 'எபிஜெனெடிக்ஸா, வளர்ப்பா' என்று இரண்டில் ஒன்றைத் தேர்வது அர்த்தமில்லாதது. ஆனால் அப்படி மாறியது உங்கள் மூளையில்; உங்கள் முட்டையில் அல்ல. பஸ்ஸில் உங்கள் பிள்ளையை நீங்கள் கிள்ளினால்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும்.

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வேலை செய்த மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல வருடமாகச் சொல்லிவருவதும் இங்கே பொருந்தும். யுத்தம் தனி மனிதரை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்கிறார். கூட்டு மனவடு என்பது அதுதான். கலத்துக்குள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது கண்ணுக்குப் படாது.

உமிழ்நீர்ச் சோதனைக்குக் காசு கட்டாதீர்கள். உளநோய் எதையும் கண்டறியவோ முன்கூட்டிச் சொல்லவோ கூடிய எபிஜெனெடிக் சோதனை இன்றைய மருத்துவத்தில் இல்லை. ரெட் போன்ற சில அரிய நோய்களுக்குப் பரிசோதனைகள் உண்டு, அவை வேறு. வைத்தியர் கேட்டுத்தான் செய்வார்கள். மஞ்சள்கிழங்கு மாத்திரை, 'மெதைல் உணவுமுறை' எல்லாம் அடுத்த விளம்பரத்தில் வரும். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் தரும் ஃபோலிக் அமில மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருப்பீர்கள். அது பிள்ளையின் முள்ளந்தண்டுக் குறைபாட்டைத் தடுப்பதற்காக, அம்மாவின் ஞாபகங்களைத் திருத்துவதற்காக அல்ல. இதை வாசிக்கும் வேறு பெண்களுக்கும் ஒரு வார்த்தை. வல்ப்ரோயேற் என்ற மருந்து வலிப்புக்கும் இருதுருவ மனநோய்க்கும் தரப்படுவது. ஹிஸ்டோன் சுற்றைத் தளர்த்தும் குணம் அதற்கு உண்டு. மனநிலையைச் சமன் செய்வது அதனாலா என்பது தெரியாது. ஆனால் கர்ப்பத்தில் அது பிள்ளையின் முள்ளந்தண்டையும் அறிவு வளர்ச்சியையும் பாதிக்கும் என்பது நன்றாகத் தெரியும். அதைப் போடுபவர் பிள்ளை பெற நினைத்தால் முன்கூட்டியே வைத்தியரிடம் கதைத்து மாற்ற வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது.

உங்கள் விஷயத்தில் இப்போது செய்ய வேண்டியது இருக்கிறது, அது சின்னது. நித்திரை குழம்புகிறதா, கேற் சத்தத்துக்குப் பிறகு படபடப்பு மணிக்கணக்கில் நிற்கிறதா, வெளியே போவதையே தவிர்க்கிறீர்களா என்று பாருங்கள். ஆம் என்றால் உங்கள் கிளினிக் வைத்தியரிடமோ மிட்வைஃப்பிடமோ சொல்லுங்கள். மனச்சோர்வையும் பதகளிப்பையும் மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் குறைமாதப் பிரசவமும் பிறப்பு நிறைக் குறைவும் கொஞ்சம் கூடுகின்றன, ஆகவே மருத்துவம் செய்துகொள்வது நல்லது. பேச்சு வழிச் சிகிச்சை இதற்கு நன்றாக வேலை செய்யும். தேவைப்பட்டால் கர்ப்பத்தில் பயன்படுத்தக்கூடிய மருந்துகளும் உண்டு. இரவில் யாரிடமாவது கதைக்க வேண்டும் போலிருந்தால் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எடுக்கலாம், தமிழிலும் பதில் சொல்வார்கள். அம்மாவிடம் அந்த இரண்டு இரவைப் பற்றி முழுதாகக் கேட்டதுண்டா? அவருக்கு விருப்பம் இருந்தால் மட்டும் கேளுங்கள். கிள்ளல் வழியாக மட்டுமே கேட்ட கதையை, சொல்லாகக் கேட்ட பிறகு கேற் சத்தம் வெறும் கேற் சத்தமாகிவிட்ட சிலரை நான் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் அப்படி ஆகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டிருந்தீர்கள்: தீபாவளிக்கு ஒழுங்கையில் சீனவெடி கொளுத்துவார்கள், நீங்கள் திடுக்கிட்டால் பிள்ளைக்கு ஏதும் ஆகுமா என்று. ஆகாது. உங்கள் நெஞ்சு படபடக்கும், பிள்ளையும் ஒரு தடவை உதைக்கும். அந்த நேரத்தில் உங்கள் இரத்தத்தில் ஏறும் நெருக்கீட்டு ஓமோனில் பெரும்பகுதியை நச்சுக்கொடியில் உள்ள ஒரு நொதியம் பிள்ளையிடம் போகுமுன்பே செயலிழக்கச் செய்துவிடும். சத்தம் பிடிக்கவில்லை என்றால் பின்னறையில் போய் இருங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு அன்று மாலை கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள்.